பிரெஞ்சு பேசும் கூத்துக்கு வெற்றிலைபாக்கு

இலவச விழா என்று உலகத்தில் ஒன்று கிடையாது. பார்க்க வந்தவர் காசு கொடுக்கவில்லை என்றால் வேறு யாரோ கொடுத்திருக்கிறார். அது அரசாங்கமா, கம்பெனியா, கோயிலா, ஊரா, மேடையில் நின்று பாடுகிறவனேதானா என்று விசாரித்தால் விழாவின் குணம் பிடிபட்டுவிடும். பிரெஞ்சு மொழி பேசும் உலகத்தின் இசையையும் கலைகளையும் நுழைவுக் கட்டணம் இல்லாமல் தெருவில் வைத்துக் கொண்டாடும் விழாக்கள் இன்று பாரிஸ், புதுச்சேரி, மொன்றியால், ரியூனியன் தீவு என்று பல இடங்களில் நடக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் அணையும் ரப்பர்த் தோட்டமுமாக இருக்கும் பேச்சிப்பாறைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. ஆனால் பிரெஞ்சுப் பண்பாடு என்றதும் நம் மனத்தில் வந்து நிற்கும் ஈபில் கோபுரத்திலும் ஒயின் கோப்பையிலும் அதைத் தேடினால் கிடைக்காது.

இந்த வகை விழாக்களில் உலகம் முழுக்கப் பரவியது 'ஃபெத் தெ லா முயூசிக்' என்ற இசைத் திருநாள். 1982 ஜூன் 21ஆம் தேதி பிரான்சில் முதன்முதலாக நடந்தது. பண்பாட்டு அமைச்சராக இருந்த ஜாக் லாங், அவருடைய அமைச்சகத்தில் இசை, நடனப் பிரிவின் இயக்குநராக இருந்த மொரீஸ் ஃப்ளரே இருவரும் சேர்ந்து தொடங்கியது. பிரான்சில் சுமார் 50 லட்சம் பேர் ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள், இளைஞர்களில் பாதிப்பேர் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னது. இத்தனை பேரும் வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு வாசிப்பானேன், ஒரு நாளாவது தெருவுக்கு வரட்டும் என்பதுதான் யோசனை. முதல் ஆண்டில் இரவு 8.30 முதல் 9 வரை, அரை மணி நேரம்தான் ஒதுக்கினார்கள். கோடைக் கதிர்த்திருப்ப நாள், ஆண்டிலேயே நீண்ட பகல். ஜனங்கள் அரை மணியோடு வீட்டுக்குப் போகவில்லை. 1985இல் ஐரோப்பிய இசை ஆண்டை ஒட்டி விழா எல்லை தாண்டியது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. அதே ஜூன் 21 2015 முதல் சர்வதேச யோகா நாளும் ஆகிவிட்டதால், நம் ஊரில் காலையில் மூச்சுப் பயிற்சி, மாலையில் கித்தார் என்று ஆகியிருக்கிறது.

இந்த விழாவின் சட்டம் எளிமையானது. கேட்பவர் பணம் கொடுக்க வேண்டாம். வாசிப்பவரும் பணம் கேட்கக் கூடாது. பொழுதுபோக்காக வாசிப்பவர்களைத் தெருவுக்குக் கொண்டுவரத் தொடங்கிய விழாவுக்கு அந்தச் சட்டம் பொருத்தமானதுதான். ஆபீசில் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் சாக்ஸபோன் எடுப்பவருக்கு ஒரு கூட்டம் கிடைப்பதே கூலி. ஆனால் பாட்டையே பிழைப்பாக வைத்திருப்பவர் அதே தெருவில் அதே சட்டப்படி நின்றால், விழாச் செலவில் ஒரு பங்கு அவர் வீட்டு அடுப்பிலிருந்து போகிறது. பிரான்சிலும் தொழில்முறைக் கலைஞர்களுக்கு இந்த மனக்குறை உண்டு. தமிழ்நாட்டுக்கு இந்த விழாவைக் கொண்டுவரும்போது இந்த ஒரு விஷயத்தை யாரும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

தமிழ் மண்ணில் இதற்கு இயல்பான வீடு புதுச்சேரிதான். 1674இல் பிரெஞ்சுக்காரர் காலூன்றிய ஊர். 1883இல் பாரிஸில் பிரெஞ்சு மொழி பரப்பும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனம் தொடங்கிய ஆறாம் ஆண்டே, 1889இல், புதுச்சேரியிலும் கிளை வந்துவிட்டது. ஜூன் மாதத்தில் நகரத்தின் திறந்தவெளிகளில் இசை நாள் கச்சேரிகள் நடக்கும். உள்ளூர் ராக் குழு, ஆரோவில்லிலிருந்து வரும் வெள்ளைக்காரர், சென்னையிலிருந்து வரும் கல்லூரிப் பையன்கள், நடுவில் ஒரு பறைக் குழு என்று கலந்துகட்டி இருக்கும். சுண்டல் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் நிற்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் மேடையில் யார் ஏறலாம் என்பதைத் தீர்மானிப்பது பிரெஞ்சுக் கலாசார நிறுவனங்களும் புரவலர்களும். நிற்கிற ஜனம் விருந்தாளி.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது புதுச்சேரியின் இன்னொரு விழா. ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாள். முந்தைய மாலை வாத்தியக் குழுவோடு விளக்கு ஊர்வலம், மறுநாள் காலை கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம். நெஞ்சில் பதக்கம் தொங்க வரும் முதியவர்களைப் பார்த்தால் நம்ம ஊர்ப் பெரியவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். ஊரில் 'சொல்தா' என்பார்கள். 1881இல் பிரெஞ்சு அரசு கொண்டுவந்த ஆணைப்படி சொந்தச் சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்த குடும்பங்களின் வாரிசுகள் இவர்களில் நிறைய. அந்தத் துறப்புக்கு முன்னோடி பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர். ஐரோப்பியச் செருப்புப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனதற்காகத் தண்டிக்கப்பட்டு, வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் வென்றவர். பிரெஞ்சுக் குடியுரிமை தமிழனுக்கு ஓசியில் வரவில்லை என்பதற்குச் சொல்கிறேன்.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரையும் இங்கே சேர்க்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் அந்தப் பெருவிழாவுக்கு ஆளுநர் நேரில் வந்து வடம் பிடிப்பது வழக்கம். ஆட்சி போனபிறகும் வழக்கம் போகவில்லை. இன்று துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். பிரெஞ்சுக்காரர் நடத்தும் இசை நாளில் தமிழன் விருந்தாளி என்றால், இங்கே பிரெஞ்சுக்காரர் விருந்தாளி. தேர்ச் செலவு கோயிலுடையது, இழுப்பது ஊர், ஆளுநர் வடத்தில் கை வைத்துவிட்டுப் போனார். கட்டணமில்லாப் பண்பாட்டு விழாவில் அந்நிய அதிகாரம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சு மொழி பேசும் நாடுகளுக்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1970 மார்ச் 20ஆம் தேதி, நைஜர் நாட்டின் நியாமே நகரத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிறந்தது. அதனால்தான் மார்ச் 20 பிரெஞ்சு மொழி உலக நாள். அதைப் பாரிஸ் அரசியல்வாதிகள் முன்னின்று தொடங்கவில்லை. செனகலின் செங்கோர், துனீசியாவின் புர்கீபா, நைஜரின் தியோரி, கம்போடியாவின் சிஹானூக் முதலியவர்கள் தொடங்கினார்கள். அடிமைப்பட்டுக் கிடந்த நாடுகளின் தலைவர்கள் தங்களை ஆண்டவர்களின் மொழியைத் தங்கள் பொதுச் சொத்தாக எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். அந்த மொழி அவர்களை இன்னும் விடவில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் சரிதான். அதே 1970இல்தான் மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு பாரிஸில் நடந்தது. கவிஞரும் குடியரசுத் தலைவருமான செங்கோர் 1974இல் சென்னைக்கு வந்து, கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்துப் பேசிவிட்டுப் போனார். ஆப்பிரிக்க மொழிகளுக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்ற அவருடைய நம்பிக்கையை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. ஆனால் பிரெஞ்சு பேசும் உலகம் தமிழோடு உட்கார்ந்து பேச முடியும் என்று நினைத்த முதல் பெரிய மனிதர் அவர். இந்தியா இன்றுவரை அந்த அமைப்பில் உறுப்பினர் இல்லை. தமிழர் கணிசமாக வாழும் மொரீஷியஸ் உறுப்பினர்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வரலாம். பிரெஞ்சு பேசும் தமிழர் அதிகம் இருக்குமிடம் புதுச்சேரி இல்லை, இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரியூனியன் தீவு. 1848 டிசம்பர் 20ஆம் தேதி அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டக்காரர்களுக்குக் கைகள் வேண்டியிருந்தன. புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும், 1860-61இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு பிரிட்டிஷ் துறைமுகங்கள் வழியாகவும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். தீவில் நடத்திய விதம் பற்றிப் புகார் மலையாகக் குவிந்து, 1882இல் பிரிட்டிஷ் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருந்தார்கள். பெரும்பாலும் தமிழர், காவிரிப் படுகையிலும் தொண்டை நாட்டிலும் இருந்து போனவர்கள். தீவில் அவர்களுக்கு வைத்த பெயர் 'மல்பார்'.

பாதிரிமார் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் பிரெஞ்சு கொடுத்தது, தோட்டம் கிரியோல் என்ற கலப்புமொழி கொடுத்தது. தமிழ் இரண்டு மூன்று தலைமுறையில் பேச்சிலிருந்து உதிர்ந்தது. உதிராமல் நின்றது கூத்து. பிரெஞ்சில் 'பால் தமூல்' என்றும் கிரியோலில் 'நார்ல்கொன்' என்றும் சொல்லும் ராக்கூத்து. நம் தெருக்கூத்தும் நாடகமும்தான். பாரதக் கதையும் ராமாயணக் கதையும் விடிய விடிய நடக்கும். நடத்துகிறவர் 'வார்சியால்', நம் வாத்தியார். மத்தளம் அங்கே 'மத்தலோன்', தாளம் 'தார்லோன்', உடுக்கை 'உல்கே'. தோட்டத்துக் குடியிருப்புகளில் ஓலையும் இலையும் வேய்ந்து பந்தல் போட்டு, அதற்குள் ஆட்டம். யாராவது ஒரு வீட்டுக்காரர் வேண்டுதலுக்கோ கல்யாணத்துக்கோ ஏற்பாடு செய்வார், அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் உட்கார்ந்து பார்க்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாடுகிறவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் பாட்டெல்லாம் தமிழ்; எழுத்து ரோமன். தாத்தா பாடியதைக் காதால் கேட்டு, பிரெஞ்சு உச்சரிப்புக்குத் தக்கபடி எழுத்துக்கூட்டி எழுதி, அதை மகன் படியெடுத்து, அவன் மகன் மறுபடி படியெடுத்து வந்த நோட்டு. பாடுகிறவரில் பலருக்கு வரிக்கு வரி அர்த்தம் தெரியாது. எந்த இடத்தில் திரௌபதி அழுகிறாள், எந்த இடத்தில் மத்தளம் தூக்க வேண்டும் என்பது தெரியும். இலக்கண சுத்தம் பார்க்கிற நம் பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். நான் சுளிக்க மாட்டேன். மொழி தெரிந்த நாம் கூத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்த நூற்றாண்டில், மொழி தொலைத்தவர்கள் கூத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே தீவில் 'மலோயா' என்ற இசை உண்டு. மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த அடிமைகள் கரும்புத் தோட்டத்தில் உண்டாக்கியது. 'ரூலேர்' என்ற பெரிய பீப்பாய் மத்தளம். 'கயாம்ப்' என்ற தட்டை வாத்தியம் கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி உள்ளே விதைகள் போட்டுக் குலுக்குவது. தோட்டத்து லயங்களில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்த மல்பார்களும் இதில் வந்து சேர்ந்தார்கள். முன்னோர் ஆவிகளை அழைக்கும் பாட்டு என்பதாலும், பிறகு கம்யூனிஸ்ட் கட்சியும் சுயாட்சிக்காரர்களும் கையிலெடுத்த பாட்டு என்பதாலும் 1980களின் தொடக்கம் வரை அதிகாரிகள் அதை நெருக்கிப் பிடித்தே வைத்திருந்தார்கள். 2009இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. இன்று, அடிமை முறை ஒழிந்த டிசம்பர் 20 தீவில் பொது விடுமுறை. தெருவெல்லாம் மலோயா, யாரும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஒளிந்து பாடியதற்கு அரசே இப்போது மேடை போடுகிறது. பிரெஞ்சு பேசும் பண்பாடுகளைக் கொண்டாடுகிறோம் என்று பிரான்ஸ் சொல்லும்போது, அதே பிரான்ஸ் நேற்று எதை அமுக்கியது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

கரீபியக் கடலில் இருக்கும் மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கதையும் இதன் கிளைதான். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக்குக்கும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்புக்கும் முதல் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. மாரியம்மன் அங்கே 'மலியெமேன்', மதுரைவீரன் 'மல்தெவிலேன்'. வாக்குரிமை இல்லாமல் வைக்கப்பட்டிருந்த இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காகக் குவாதலூப்பைச் சேர்ந்த ஆன்றி சிதம்பரம் 1904 முதல் 1923 வரை வழக்காடினார். குழம்பு 'கொலொம்போ' என்ற பெயரில் தீவுக்காரர் எல்லார் சாப்பாடும் ஆகிவிட்டது. அதற்குமேல் என்ன வேண்டும்.

பாரிஸ் நகரத்தின் லா ஷப்பெல் பகுதியை அநேகருக்குத் தெரியும். 1983க்குப் பிறகு அகதிகளாகப் போன ஈழத் தமிழர் கடை வைத்துக் கோயில் கட்டிய இடம். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் 1996 முதல் ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் தேர் இழுக்கிறது. நாதஸ்வரமும் தவிலும், காவடி, தெருவில் குவித்துச் சிதறடிக்கும் தேங்காய், கடைக்காரர்கள் வரிசையாக வைத்துக் கொடுக்கும் மோரும் சர்பத்தும். வெள்ளைக்காரர், ஆப்பிரிக்கர், சுற்றுலாப் பயணிகள் என்று பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். பாரிஸில் நடக்கும் பெரிய கட்டணமில்லாத் தெருவிழாக்களில் ஒன்று இப்படி நம் பிள்ளையார் கணக்கில் நடக்கிறது. செலவு அடியார்களுடையது, காவல் ஏற்பாடு நகரத்துடையது. வில்லியனூரில் பார்த்த ஏற்பாட்டை எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி நட்டுவைத்த மாதிரி.

தமிழ்த் தொடர்பே இல்லாத ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பேச்சிப்பாறைக்கு அங்கிருந்து ஒரு வழி வருகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிரெஞ்சு பேசும் விவசாயிகளும் கறுப்பின மக்களும் உண்டு. 1921இல் எழுதிய மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும் என்றது. வகுப்பில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். 1968இல் மாநில அரசே மனம் மாறி பிரெஞ்சை வளர்க்க ஒரு மன்றம் வைத்தது. லஃபாயெத் நகரத்தில் 1974இல் ஓர் இசை அஞ்சலி நடந்து பின்னர் ஆண்டு விழாவாக வளர்ந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து 'ஃபெஸ்டிவல் இன்டர்நேஷனல்' என்ற பெரிய விழாவும் நடக்கிறது. பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்கா, கனடா, தீவுகளிலிருந்தெல்லாம் கலைஞர்கள் வருவார்கள். அனுமதி இலவசம். புரவலர் பணம் உண்டு. அதோடு ஜனங்கள் அங்கே விற்கும் பானங்களையும் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னங்களையும் வாங்கி விழாவைத் தாங்குகிறார்கள். கலைஞருக்குச் சம்பளம் உண்டு. பிரான்சின் இசைத் திருநாளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அங்கே 'ஸைடெகோ' என்று ஓர் ஆட்ட இசை. அதில் நெளிநெளியான தகரத்தை மார்புச் சட்டை போல மாட்டிக்கொண்டு, கரண்டியாலோ புட்டி திறப்பானாலோ சரக் சரக்கென்று இழுப்பார்கள். துணி துவைக்கும் தகரப் பலகையாக இருந்ததை 1946இல் கிளிஃப்டன் ஷெனியே என்ற இசைக்காரர் ஓர் இரும்புத் தொழிலாளியைக் கொண்டு தோளில் மாட்டும் வாத்தியமாகச் செய்துகொண்டார். பேச்சிப்பாறைக்கு மேலே காடுகளுக்குள் இருக்கும் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகளில் கொக்கரை என்று ஒரு வாத்தியம் உண்டு. இரும்புக் குழாய், நெடுகப் பிளவு, பிளவின் ஓரம் ரம்பப் பல். அதன்மேல் மெல்லிய இரும்புக் கம்பியைத் தேய்ப்பார்கள். சாற்றுப்பாட்டு என்ற சடங்கில் பிலாத்தி என்னும் பூசாரி-மருத்துவர் இரவு முழுக்கக் கொக்கரையைத் தேய்த்துப் பாடி நோயையும் தீங்கையும் ஓட்டுவார். இரண்டுக்கும் வரலாற்று உறவு எதுவும் இல்லை, செங்கோர் மாதிரி நான் உறவு கொண்டாடப் போவதும் இல்லை. இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்காரவைத்தால் நன்றாக இருக்கும் என்பது மட்டுமே என் ஆசை.

பேச்சிப்பாறை வேற்றுநாட்டார் தடம் படாத இடம் இல்லை. கோதையாற்றுக்குக் குறுக்கே 1897இல் தொடங்கி 1906இல் முடித்த அணையைக் கட்டியவர் திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்து ஐரோப்பிய எஞ்சினியர் மிஞ்சின். அவருடைய கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி தெ லனாய், பிரான்சின் வடக்கே ஆராஸ் நகரத்தில் பிறந்தவர் என்பார்கள். கைதியாக வந்தவர் திருவிதாங்கூர்ப் படையின் வலிய கப்பித்தான் ஆகி, 1777இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் கிடக்கிறார்; கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. இன்னொரு பொருத்தமும் உண்டு. புதுச்சேரியின் ஆட்சி இந்தியா கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. இரண்டு ஊரும் ஒரே தேதியில் விழாக் கொண்டாடுகின்றன, ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல்.

ஆனால் தெ லனாயை வைத்து இங்கே ஒரு பிரெஞ்சு விழா எடுப்பது அசட்டு வேலை. உண்மையான பிணைப்பு விழா நடத்தும் முறையில் இருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் கோயில் கொடை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அம்மனுக்கோ சுடலைக்கோ பேச்சிக்கோ கொடை கொடுப்பதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். வெளியூரில் வேலைக்குப் போனவனுக்கும் வரி உண்டு. அவன் அனுப்பாவிட்டால் அவன் அப்பனுக்குத் தலைகுனிவு. வில்லுப்பாட்டுப் புலவரையும் நையாண்டி மேளக்காரரையும் வெற்றிலைபாக்கு வைத்து, அச்சாரம் கொடுத்து முன்கூட்டியே பேசி முடிப்பார்கள். சம்பளம் பேசுவதில் கறார் இருக்கும், சில சமயம் சண்டையும் இருக்கும், ஆனால் சம்பளம் இல்லாமல் பாட வா என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். பார்க்க வருகிறவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பக்கத்து ஊர்க்காரர், வேறு சமயத்தார், வழிப்போக்கர், பலூன் வியாபாரி, யாரும் வரலாம்.

இதில் கலைஞர் வெறும் கூலியாளும் இல்லை. வைக்கோல் புரிமணையில் குடத்தை வைத்து அதன்மேல் வில்லைக் கட்டி, வீசுகோலால் தட்டிக் கதை சொல்லிக்கொண்டே போகிற புலவர் ஒரு கண்ணைப் பூசாரிமேல் வைத்திருப்பார். சாமக்கொடைக்குத் தீபாராதனை காட்டும் நேரமும், கதையில் தெய்வம் வரம் வாங்கி இறங்கும் இடமும் ஒன்றாக வந்து சேர வேண்டும். முன்னால் முடித்துவிட்டால் கிளைக்கதை இழுக்க வேண்டும்; தாமதமானால் வனவாசத்தை நாலு வரியில் கடக்க வேண்டும். சேர்ந்து வந்தால்தான் சாமியாடிக்கு அருள் வரும். அவர் கையில்தான் விழாவின் நேரம் இருக்கிறது. பாரிஸ் தெருவில் அரை மணி ஒதுக்கி வாசிக்கச் சொன்ன விழாவுக்கும் இதற்கும் உள்ள தூரம் மைல் கணக்கில் அளக்கக் கூடியது அல்ல.

கொடையில் குறை இல்லையா? இருக்கிறது. வரி கொடுக்கிற உரிமை உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்பதில் சாதி உட்கார்ந்திருக்கிறது. மேடைக்கு முன்வரிசையில் யார் என்பதிலும்தான். காணிக்காரரின் கொக்கரைக்குச் சமவெளிக் கொடைகளில் அச்சாரம் கொடுத்த ஊர் அபூர்வம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி வேறு வந்து சாமக்கொடையின் குரல்வளையில் கை வைத்திருக்கிறது. பல ஊர்களில் வில்லுக்கு ஒதுக்கிய பணம் கரோக்கே கச்சேரிக்குப் போய்விட்டது. அரசு, தூதரகப் பணத்தில் நடக்கும் விழாவுக்கு இந்த வியாதிகள் குறைவு. எல்லாரும் நுழையலாம் என்பதை அவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். இரண்டு முறைகளிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது: எல்லாருக்குமான வாசல் அங்கிருந்து, கலைஞருக்கான அச்சாரம் இங்கிருந்து.

அதனால் புதுச்சேரி, சென்னை அலியான்ஸ்களிடமும், பேச்சிப்பாறைக்கு மிகப் பக்கமான திருவனந்தபுரம் அலியான்ஸிடமும் ஒரு வேண்டுகோள். பாரிஸிலிருந்து ஜாஸ் குழுவை நகரத்து அரங்குகளுக்கு எத்தனையோ முறை அழைத்துவருகிறீர்கள். ஒருமுறை ரியூனியனிலிருந்து ஒரு நார்ல்கொன் குழுவைக் கூப்பிடுங்கள். பேச்சிப்பாறையிலோ பக்கத்துக் குலசேகரத்திலோ ஓலைப்பந்தல் போடுவது ஊர்ப் பொறுப்பு. இங்கே யாருக்கும் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை, அவர்களுக்குத் தமிழும் தெரிய வேண்டியதில்லை. பாரதக் கதை இரண்டு பேருக்கும் தெரியும். வில்லுக்காரருக்குத் தெருக்கூத்து புதிது, அவர்களுக்கு வில் புதிது. முதல் பாட்டு காணிக்காரரின் கொக்கரையாக இருக்கட்டும், வந்தவருக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தோடு.

தேதி மட்டும் ஜூன் 21 வேண்டாம். இங்கே அது தென்மேற்குப் பருவமழைக் காலம்; கன்னிப்பூச் சாகுபடிக்கு அணையிலிருந்து தண்ணீர் விட்டிருப்பார்கள், வேடிக்கை பார்க்க ஆள் இருக்காது, திறந்தவெளியில் மத்தளத்தோல் நனைந்து தொங்கிவிடும். மார்ச் 20 பொருந்தும். பங்குனி முதல் வாரம், கும்பப்பூ அறுப்பு முடிந்து கையில் காசு புழங்கும் நேரம், கொடைக் காலத்தின் தொடக்கம். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நடக்கும் மாதம் என்பது ஒன்றுதான் இடைஞ்சல். பெண்டு பிள்ளைகள் எல்லாரும் வர வேண்டுமானால் அட்டவணை பார்த்துச் சனிக்கிழமை இரவாகப் பேசி முடியுங்கள்.